உள்பக்கத் தாழ்ப்பாள்

முதுகெலும்பு முறிந்தவர்களுக்கான அந்த மறுவாழ்வு இல்லத்தில் பெரிய சிஸ்டர் என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். பத்தொன்பது வருடமாகத் தலைமைச் செவிலியர். படுக்கைப்புண், மூத்திரக் குழாய், ராத்திரி பகல் தெரியாத அழுகை என்று எதுவுமே அவளை அசைத்ததில்லை. அப்படிப்பட்டவளை ஒரு தையல்காரி ஒரே வாரத்தில் படுத்தி எடுத்துவிட்டாள்.

தையல்காரியின் புருஷன் கிரேன் ஓட்டியவர். உயரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய், பதினோரு மாதமாக எட்டுக் கட்டில் வார்டில் நான்காவது கட்டிலில் கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் இரண்டு பஸ் மாறி வந்துவிடுவாள். மாமியாரும் கூடவே வந்து மகன் கால்மாட்டில் உட்கார்ந்தால், நேரம் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டாள்.

சிஸ்டர் துணி அலமாரி முன்னால் படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தபோது தையல்காரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு ரூம் வேணும்."

"யாருக்கு?"

"எங்க ரெண்டு பேருக்கும்தான். உள்ளே தாழ்ப்பாள் இருக்கணும். ரெண்டு மணி நேரம் போதும்."

சிஸ்டருக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. "அவருக்குக் கீழ ஒண்ணும் தெரியாதும்மா. உனக்குச் சொல்லலியா?"

"டாக்டர் படம் வரைஞ்சே காட்டினார். நான் அதைக் கேக்கல. ரூமைத்தான் கேக்கறேன்."

இதற்கென்று ஒரு வழிமுறை இருக்கும், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று சிஸ்டர் நினைத்தாள். டாக்டர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல. அனுமதியெல்லாம் மேனேஜர் விஷயம்" என்றார். மேனேஜரோ மேஜை இழுப்பறையைத் திறந்து அடிப்படைத் தேவைகள் படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

"உணவு, குளியல், கழிவு, உறக்கம், மருந்து, பயிற்சி, பொழுதுபோக்கு. ஏழு கட்டம். நீங்க சொல்றது இதுல எங்க வருது?"

"வரலன்னுதானே சார் உங்ககிட்ட வந்தேன்."

"வரலன்னா அது அடிப்படைத் தேவை இல்ல. சாப்பாடு இல்லாட்டி மனுஷன் செத்துப் போவான். இது இல்லாம யாராவது செத்திருக்காங்களா?"

"டி.வி. இல்லாமக்கூடத்தான் யாரும் சாகல. ஹாலுக்கு ரெண்டு வாங்கி மாட்டியிருக்கோம்."

"அதுக்குக் கட்டம் இருக்கே சிஸ்டர்."

சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு. இதில் இன்னொரு எரிச்சல், மேனேஜர் சொன்னதைத்தான் போன வாரம்வரை அவளும் சொல்லியிருப்பாள். சிஸ்டரின் புருஷன் இறந்து ஒன்பது வருடமாகிறது. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்கு வந்தாள், என்ன குறைந்துபோயிற்று? ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், கண்ணாடிக் கடையில் புது ஃபிரேம் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கக் கடைக்காரர் அவள் காதோரத்து முடியை ஒதுக்கினார். அவ்வளவுதான், கண்ணில் பொலபொலவென்று நீர். தூசி விழுந்துவிட்டதென்று சமாளித்து வெளியே வந்தவளுக்குத் தன்மேலேயே அப்படிக் கோபம் வந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மேனேஜரிடமா சொல்ல முடியும்?

அன்று மத்தியானம் கிரேன்காரரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது அவரிடமே கேட்டுவிட்டாள்.

"உங்க சம்சாரம் என்ன கேட்டிருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியும் சிஸ்டர். நான்தான் கேக்கச் சொன்னேன். எனக்குக் கேக்க வாய் வரல."

"உங்களுக்குக் கீழ ஒண்ணும் தெரியாதே. அப்புறம் எதுக்கு?"

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவை என்னைத் தொடறாங்க. எல்லாரும் கையுறை போட்டுக்கிட்டுத்தான். இடுப்புக்குக் கீழ தெரியாது, சரி. மேல இருக்கறதும் நான்தானே?"

சிஸ்டர் தலையணையைச் சரி செய்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அனுமதி கிடைத்தது, மூன்று நிபந்தனைகளோடு: வெளியே ஒரு ஊழியர் நிற்க வேண்டும், பதிவேட்டில் நோக்கத்தை எழுத வேண்டும், பாதுகாப்பு கருதிக் கதவு லேசாகத் திறந்தே இருக்க வேண்டும்.

போனில் தையல்காரியிடம் இதைச் சொன்னாள். "கதவைத் திறந்து வச்சுட்டுன்னா வார்டே போதுமே அக்கா" என்றாள் தையல்காரி.

அதற்கு மேல் சிஸ்டருக்குப் பொறுமை இல்லை. தச்சரைக் கூப்பிட்டாள். வார்டை ஒட்டித் தனக்கென்று இருந்த சின்ன ஓய்வறையில் உள்பக்கம் தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னாள். சக்கர நாற்காலியிலிருந்து கை எட்டுகிற உயரத்தில் என்பதை இரண்டு தடவை சொன்னாள். தச்சர் ஏன் என்று கேட்கவில்லை. சிஸ்டர் பதிவேட்டில் ஒரு வரியும் எழுதவில்லை.

ஞாயிறன்று கிரேன்காரரை நாற்காலியில் ஏற்றியதும் தாய்க்காரியும் பின்னாலேயே கிளம்பினாள்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க? நானும் வரேன்."

"நீங்க இங்க வாங்கம்மா. இந்தத் துணியெல்லாம் மடிக்க ஆள் இல்ல."

"அவங்களுக்குள்ள தனியா என்ன பேச்சு? எனக்குத் தெரியாம என்ன இருக்கு?"

"எனக்கு என்னம்மா தெரியும். மூலையைச் சேர்த்துப் பிடிங்க."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு சிஸ்டர் உட்கார்ந்துகொண்டாள். கால்மணி நேரத்தில் உள்ளே சண்டை தொடங்கிவிட்டது. சாதாரணச் சண்டை இல்லை. கிரேன் வேலைக்குப் போகாதே என்று அன்றே சொன்னேனே என்று அவள் கத்த, பெல்ட் போடாமல் ஏறியது என் தப்புத்தான் என்று அவர் கத்த, பதினோரு மாதமாக எட்டுக் கட்டிலுக்கு நடுவே வாய்க்குள்ளேயே அழுகிக் கிடந்ததெல்லாம் வெளியே வந்து விழுந்தது. தாய்க்காரி பதறி எழுந்தாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சண்டை போடறதுக்கா ரூம் கேட்டாங்க?"

"எதுக்கா இருந்தா உங்களுக்கென்ன? மடிங்க."

அப்புறம் சத்தம் ஓய்ந்தது. ஓய்ந்தது ஓய்ந்ததுதான். இரண்டு மணி நேரம் முடிந்து இன்னும் இருபது நிமிடம் போயிற்று. சிஸ்டர் கதவைத் தட்டவில்லை. தாய்க்காரி தலையைக் குனிந்து, மடித்த விரிப்பையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரி வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது, ரவிக்கையில் ஒரு கொக்கி மாறி மாட்டியிருந்தது. சிஸ்டர் சைகை காட்டினாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிச் சரிசெய்துகொண்டு, "முக்கால்வாசி சண்டையிலயே போயிடுச்சுக்கா. அடுத்த வாரமும் வேணும்" என்றாள்.

திங்கட்கிழமை மேனேஜர் காதுக்கு விஷயம் போய் அவர் குதித்தார். சிஸ்டர் படிவத்தை வாங்கி, ஏழாவது கட்டத்துக்குக் கீழே கோடு போட்டு எட்டாவதாக எழுதினாள்: 'கணவன் மனைவிக்குத் தனி அறை. உடலுறவு உட்பட.' பக்கத்தில் சிவப்பு மையில் 'அவசியமா?' என்ற கேள்வியோடு மேனேஜரிடமிருந்து அது திரும்பி வந்தது. 'ஆம்' என்று எழுதி அனுப்பினாள். மறுபடி வந்தது, மறுபடி அனுப்பினாள். ஐந்தாவது தடவை அது திரும்பி வரவில்லை.

வார்டில் செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? அந்த வாரமே மூன்று பேர் அறைக்கு முறை கேட்டார்கள். யாருக்கு எந்த மணி என்பதில் தகராறு வேறு. தலையைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் திரும்பியபோது ஏழாவது கட்டில்காரர் கூப்பிட்டார். கல்யாணமாகாதவர், தபால் பிரிக்கிற வேலையிலிருந்தவர், வயது நாற்பத்தாறு.

"அந்த ரூம் எனக்கு எதுக்கு சிஸ்டர்? வரதுக்கு ஆளே இல்ல. நீங்க எழுதினது எனக்கும்தானா, இல்ல கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டுமா?"

கணவன் மனைவி என்று எழுதியது சிஸ்டரின் கைதானே. மேனேஜர்மேல் வந்த அதே எரிச்சல் இப்போது தன் பக்கமே திரும்பிற்று.

"தெரியலப்பா" என்றாள்.

அவர் தலையசைத்தார். சிஸ்டருக்குப் பார்க்க இன்னும் ஆறு கட்டில் பாக்கி இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்குன்னு யாராவது இருந்தாங்களா முன்னாடி?"

"பக்கத்து மேஜையில ஒருத்தங்க இருந்தாங்க" என்று அவர் ஆரம்பித்தார்.