சாயம் வெளுத்த படம்

1.

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. புன்னக்காயலில், என் தம்பி மகள் ஜெர்லின் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சாயம் வெளுத்துப் போச்சு சார்."

நான் படகு எஞ்சின் பழுது பார்த்தவன். படிப்பு அஞ்சாங்கிளாஸ். அந்தப் பேச்சுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். உடனே எழுதினேன்:

ஜெர்லின் என்கிற களவாணி, தான் வேலை பார்த்த கல்லூரியில் கையும் களவுமாக

(நிறுத்திவிட்டேன். அழிக்கவில்லை. கிடக்கட்டும்.)

2.

அவள் வேலை நுண்ணோக்கியில். மட்டிச் சிப்பியின் சதையில் துளி எடுத்து, சாயம் ஏற்றி, நீல வெளிச்சம் அடித்தால் உயிரணு பச்சையாக ஒளிருமாம். அந்த வெளிச்சமே சாயத்தை வெளுக்கவும் வைக்குமாம். பார்க்கப் பார்க்க மங்கும்.

[நான் நம்பவில்லை. நீர் நம்பினால் நம்பும்.]

அன்று உயிரணுவுக்குள் இரண்டு இழைகள் ஒட்டிக்கொண்டதைக் கண்டாள். இதுவரை யாரும் காணாதது. வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். கேமரா ஞாபகம் வந்து எடுத்த படம் முக்கால்வாசி இருட்டு. மறுநாள் நேர்காணல். இத்தனை வருடம் தற்காலிகமாகவே ஓட்டியவளுக்கு நிரந்தர வேலைக்கான வாய்ப்பு. காட்ட அந்தப் படத்தை விட்டால் வேறில்லை.

போனில் அவளுடைய பேராசிரியர் ஜெயராம் சொன்னது: "நீ பாத்தது நிஜந்தானம்மா. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் பச்சையத் தீட்டி விடு. யாருக்குத் தெரியப் போவுது?"

3.

ஜெயராமை வில்லனாக எழுதியிருந்தேன். ஜெர்லின் வாசித்துவிட்டு அந்த வரிகளை அடித்துவிட்டாள்.

"நல்ல மனுஷன் பெரியப்பா. எனக்காவத்தான் சொல்லுதாரு."

வில்லன் இல்லாமல் கதை ஓட்ட எனக்குத் தெரியாது.

"நான் பாத்தேன்னு நீங்களாவது நம்புதியளா?"

"நான் பாக்கலையே."

"பாக்காமத்தான எங்கதைய எழுதுதிய?"

பேனா மூடியைத் தேடினேன்.

4.

முடிவு ஒன்று: தீட்டினாள், வேலை கிடைத்தது.

முடிவு இரண்டு: இருட்டுப் படத்தையே காட்டினாள், சிரித்து அனுப்பி

(இதுவும் வேண்டாம். இரண்டுமே ரொம்பப் பளபளக்கின்றன.)

நடந்தது இது. நேர்காணல் அறை வாசல்வரை துணைக்குப் போனேன். கதவைச் சாத்தினார்கள். பிறகு வெளியே வந்தாள்.

"எதக் காட்டுன?"

"நீங்க எத எழுதப் போறிய?"

சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்ததை எழுதினால், பச்சை தீட்டியவன் நானாகிவிடுவேன். அந்த இடத்தை இருட்டாகவே விடுகிறேன். அதில் உமக்கு ஏதும் தெரிந்தால் சொல்லும்.

ரொம்ப நேரம் பார்க்க வேண்டாம்.