விநாடிக்குப் பத்துத் துடிப்பு

எண்பத்தாறாம் வருசம், பசுமலையில் ஒரு கல்லூரி. அங்கே இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதோடு இணைத்த திரைகள் ஆறு. ஆறு பேர் வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றிச் செய்து கொடுக்கும். அதைப் பார்த்துக்கொண்டவள் ஜெயக்கொடி.

மிஷின் மந்தமாயிருக்கிறதே என்று, போன மாதம் ஒரு காவல் புரோகிராம் எழுதி ஓடவிட்டாள். யார் எம்புட்டு நேரம் எடுக்கிறார்கள் என்று அது பட்டியல் போடும். மந்தம் கூடத்தான் செய்தது. பட்டியலில் தினமும் முதல் பெயர் விருமாண்டி.

அவர் பேரையூர்க்காரர்; கிணற்று நீர்மட்டத்தை ஆராய்கிறவர். திங்கட்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஒரு வருசம் போச்சு. பட்டியலைப் பார்த்த துறைத்தலைவர் சாம்பசிவம், "நாளையிலேருந்து அவருக்கு மிஷின் கிடையாது" என்றுவிட்டார்.

"ஏந்தங்கச்சி, நாலு கிணத்தக் கணக்குப் பண்ணதுக்கு வைகையவே குடிச்ச மாதிரியில்ல எழுதியிருக்க!" என்று ஜெயக்கொடியிடம் வந்து நின்றார் விருமாண்டி.

"மிஷின் பொய் சொல்லாதுண்ணே."

"அப்ப நான் சொல்றேனாக்கும்?"

மிஷின் நேரத்தை எப்படி அளக்கிறது என்று ஜெயக்கொடி யோசித்துப் பார்த்தாள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க கண்ணுகளா. மிஷினுக்குள் இருக்கும் கடிகாரம் விநாடிக்குப் பத்துத் தடவை துடிக்கும். துடிக்கிற கணத்தில் யார் வேலை ஓடுகிறதோ, அவர் தலையில்தான் அந்த நேரம் முழுவதும் எழுதப்படும். இரண்டு துடிப்புக்கு நடுவில் ஓடி முடிக்கிற வேலை கணக்கிலேயே வராது. பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் ஏறுவதற்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிற ஆளை யார் பிடிப்பது?

சாயங்காலம் எல்லாரும் டீ குடிக்கப் போனதும், துடிப்பை நூறாக்கி மிஷினைத் திரும்ப எழுப்பினாள். அத்தனை துடிப்பையும் கவனிக்க மிஷினுக்கே கொஞ்சம் நேரம் விரயமாகும்தான். ஆகட்டும் என்று விட்டாள்.

ஒரு மணி நேரத்தில் புதுப் பட்டியல் வந்தது. விருமாண்டி மூன்றாவது. முதலாவது, அவளுடைய காவல் புரோகிராம்! இத்தனை நாளும் ஒரு துடிப்பில் விழித்து, மற்றவர்கள் நேரத்தில் பாதியைத் தின்றுவிட்டு, அடுத்த துடிப்புக்குள் தூங்கியிருக்கிறது. அது தின்ற நேரமெல்லாம், துடிக்கும்போது ஓடிக்கொண்டிருந்த விருமாண்டி கணக்கில் ஏறியிருக்கிறது. இப்போது தின்று முடிப்பதற்குள் நாலைந்து துடிப்பு விழவே, மாட்டிக்கொண்டது.

சத்தமில்லாமல் அதை நிறுத்திவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கையும் விசைப்பலகைக்குத்தான் போனது. ஆனால் விருமாண்டி மேல் விழுந்த பழி?

இரண்டு பட்டியலையும் எடுத்துக்கொண்டு சாம்பசிவத்தின் அறைக்குப் போனாள்.

"அப்போ யாரைம்மா நிறுத்தணும்?"

"என்னோடதைத்தான் சார்."

மறுநாள் காலை விருமாண்டி வந்தபோது அவருடைய திரைக்கு முன்னால் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொல்லி, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றாள்.

"அதெல்லாம் திங்கக்கெழமைக்கப்புறம் பாத்துக்குவோம். மொதல்ல நாற்காலிய விடு."