துப்பாக்கி அவளுக்கு

ராங்னார் துப்பாக்கியை ஒரு பழைய ஜன்னல் திரையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். வேட்டைக் குடிலின் நீள மேசைமேல் அதை வைத்துத் துணியை விலக்கியபோது காபிக் கோப்பைகளின் சத்தம் அடங்கியது. செப்டம்பரின் முதல் திங்கள்கிழமை. எல்க் மான் வேட்டை தொடங்கும் நாள். பன்னிரண்டு பேர் ஆரஞ்சு நிறத் தொப்பியோடு, யார் எந்த இடத்தில் நின்று சுடுவது என்ற சீட்டுக் குலுக்கலுக்காகக் காத்திருந்தார்கள்.

"எங்கப்பா எனக்குக் குடுத்தாரு. நான் என் மகளுக்குக் குடுக்கிறேன்" என்றார் ராங்னார். எழுபத்தாறு வயதிலும் அவர் குரல் இன்னும் குடிலை நிறைத்தது. "இந்த ஆத்தோரத்துல இவள மாதிரி சுடற ஆம்பள யாராவது இருந்தா எழுந்து நில்லுங்க."

"எழுந்தா முட்டி வலிக்கும் ராங்னார். அதான் உக்காந்திருக்கோம்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

ஹில்லெவிக்கு நாற்பத்து நான்கு வயது. நகராட்சியில் கழிவுநீர்ப் பம்புகளைப் பழுதுபார்க்கும் வேலை. எளிதில் கண் கலங்குகிறவள் அல்ல. இருபத்திரண்டு வருடங்களாக, சற்று இடப்பக்கம் இழுக்கும் ஒரு செகண்ட்-ஹாண்ட் துப்பாக்கியோடு அப்பாவின் பக்கத்தில் நின்றிருக்கிறாள். துப்பாக்கியை அவள் பெயருக்கு மாற்றிக் காவல்துறை அனுப்பிய லைசென்ஸ் ஜூலையில் வந்தபோது, கடிதத்தைத் தபால்பெட்டி அருகிலேயே நின்று மூன்று முறை படித்தாள். இப்போது துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். கட்டையில் தாத்தாவின் கன்னமும் அப்பாவின் கன்னமும் பட்டுப்பட்டு ஓரிடம் மட்டும் நிறம் வெளுத்திருந்தது. யாரையும் பார்க்காமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேட்டைக் குழுவின் தலைவர் ஸ்டூரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு குடும்பத்தின் காடாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் தொண்டையைச் செருமினார்.

"ராங்னார் நிலம். உரிமையாளர், யோவார். விருந்தாளி, ஹில்லெவி."

"கண்ணாடிய மாத்துங்க ஸ்டூரே" என்றாள் ஹில்லெவி சிரித்துக்கொண்டே.

ஸ்டூரே சிரிக்கவில்லை. அவர் ராங்னாரைப் பார்த்தார். ராங்னார் தம் முன்னாலேயே இருந்த சர்க்கரைக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் நின்றிருந்தான் யோவார், அவளுடைய தம்பி. கோத்தன்பர்க் நகரத்தில் பல் டாக்டர். ஒன்பது வருடங்களாக வேட்டைப் பக்கமே வராதவன், நேற்றிரவு ரயிலில் வந்து இறங்கியிருந்தான். அப்பா துப்பாக்கி கொடுப்பதைப் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்து, அவனுக்காக ஹில்லெவி புளித்த கிரீம் கேக் எல்லாம் செய்து வைத்திருந்தாள்.

"மே மாசமே என் பேருக்கு எழுதியாச்சுக்கா" என்றான். "அப்பா சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

மே மாதம். லைசென்ஸ் விண்ணப்பத்தில் அவள் கையெழுத்துப் போட்டது ஜூனில். அப்பாதான் எதிரே உட்கார்ந்து, எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். அப்போதே காடு கைமாறி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"ஒரு நிலத்துக்கு ஒரு உறுப்பினர். மத்தவங்க விருந்தாளி. நாம எல்லாரும் சேர்ந்து போட்ட விதிதான்" என்றார் ஸ்டூரே, மேசையிடம் சொல்வதுபோல.

"வேட்டைத் தேர்வுகூட எழுதாதவன் உறுப்பினரா?"

"நிலம் அவன் பேர்ல இருக்கே ஹில்லெவி."

"நீ எப்ப வேணா வரலாம்க்கா" என்றான் யோவார் அவசரமாக. "என்கிட்ட கேக்கக்கூட வேண்டாம்."

நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது. கேட்க வேண்டாம் என்று சொல்வதற்கான உரிமை இப்போது அவனிடம் இருக்கிறது. அதைப் பெருந்தன்மையோடு பயன்படுத்துகிறான்.

சீட்டில் அவளுக்கு விழுந்தது ஏழாம் நிலை, சதுப்பின் ஓரம், அப்பாவின் காட்டுக்குள்ளேயே. வழக்கம்போல ராங்னார் மடக்கு நாற்காலியோடு அவள் பின்னால் வந்தார். புயலில் பாதிக் காடு சாய்ந்த வருடம் அவளும் அப்பாவும் சேர்ந்து நட்ட ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கன்றுகள் இப்போது அவள் தலைக்குமேல் வளர்ந்திருந்தன. நான்கு வசந்தகாலம், வார இறுதி ஒவ்வொன்றும், கொசுக்கடியில் களையெடுத்தாள். அந்த நான்கு வருடத்தில்தான் அவள் கல்யாணம் முறிந்தது. முறிந்ததற்குக் காடு காரணமில்லை. ஆனால் முறிந்த பிறகு போவதற்கு இந்தக் காடு இருந்தது. அவள் ஃபோனில் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு யோவார் கட்டைவிரல் உயர்த்திய பொம்மை அனுப்புவான்.

ஒன்பதரை மணிக்கு நாய் குரைத்தது. சதுப்பைக் கடந்து ஒரு கொம்பன் மான், தண்ணீரைச் சிதறடித்தபடி, அவசரமே இல்லாத ஓட்டத்தில் வந்தது. சுடக்கூடாது என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் கட்டை கன்னத்தில் பொருந்திவிட்டது. வெளுத்திருந்த இடம் அவள் கன்னத்துக்கென்றே அளவெடுத்ததுபோல இருந்தது. ஒரே தோட்டா. கொம்பன் முப்பது அடி நடந்து, யோசிப்பதுபோல நின்று, மெல்ல மண்டியிட்டுச் சாய்ந்தது.

"பாத்தியா!" ராங்னார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்கள் ஈரமாக இருந்தன. "இந்தத் துப்பாக்கி உன் கைக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு."

அவள் தோளை விடுவித்துக்கொண்டாள்.

மதியம், தோலுரிக்கும் கொட்டகையில் கொம்பன் தலைகீழாகத் தொங்கியது. விருந்தாளி சுட்டால் இறைச்சி நிலத்துக்காரருக்கு. யோவார் புது பூட்ஸில் ரத்தம் படாமல் தள்ளி நின்று படமெடுத்தான். "இவ்வளவையும் ரயில்ல எப்படிக் கொண்டு போறது? அக்காவே எடுத்துக்கட்டும்" என்றான். ஒரே நாளில் அவளுக்கு இரண்டாவது பரிசு. ஹில்லெவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். ராங்னார் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன்ப்பா?"

"எதுக்கு ஏன்?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவர் குழாயை மூடினார். "அவனுக்குச் சுட வராது. காடு குடுத்தேன். உனக்குச் சுட வரும். துப்பாக்கி குடுத்தேன். காடுன்னா என்ன, வரி, பாதை ரிப்பேர், தலைவலி. அத அவன் பாத்துக்கட்டும்."

"இருபது வருஷமா அந்தத் தலைவலிய யாரு பாத்தா?"

"நீதான். இல்லேன்னு யாரு சொன்னா?"

"அப்ப நான் எங்க போய்ச் சுடறது?"

"அவன் வேண்டாம்னா சொல்லப்போறான்? உன் தம்பிதானே."

"நான் நட்ட மரத்துக்கு நடுவுல நிக்க நான் அவன்கிட்ட கேக்கணும்."

ராங்னார் கால்சட்டையில் கையைத் துடைத்தார். குரல் இறங்கியது. "அவனுக்கு ரெண்டு பசங்க இருக்காங்க, ஹில்லெவி. உனக்கப்புறம் யாரு இருக்கா?"

இதைத்தான் அவர் மே மாதத்திலிருந்து வாய்க்குள் வைத்திருந்தார் போல.

"எனக்கப்புறம் அந்தப் பசங்களுக்கேதான் போயிருக்கும். நடுவுல நான் கொஞ்ச நாள் இருக்கிறது உனக்கு இடைஞ்சலா இருந்துச்சா?"

அவர் மூடிய குழாயை இன்னொரு முறை இறுக்கினார். "நான் ரொம்ப ஆசையா வெச்சிருந்தது எதுவோ, அத உனக்குக் குடுத்தேன்" என்றார் கடைசியில். அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். பொய்யாக இருந்தால் கோபம் எளிதாக இருந்திருக்கும். தன்னிடம் இருந்ததிலேயே சிறந்ததை மகளுக்குக் கொடுத்துவிட்டதாக அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையோடு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கவும் செய்வார்.

அவள் தோளிலிருந்து துப்பாக்கியைக் கழற்றினாள். "இந்தா. திருப்பி எடுத்துக்கோ."

ராங்னார் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எப்படி எடுக்கறது? என்கிட்ட லைசென்ஸ் இல்ல. பூட்டி வெக்கிற அலமாரியையும் குடுத்தாச்சு, இன்னிக்கு வரைக்கும் இது ஸ்டூரே அலமாரியிலதான் இருந்துச்சு. வீட்ல வெச்சிருந்தா குத்தம்."

அப்பாவால் வாங்க முடியாது. தம்பியால் தொடக்கூட முடியாது. அவள் சும்மா நீட்டிக்கொண்டே நின்றாள், கை வலிக்கிற வரை.

மறுநாள் காலை, மற்றவர்கள் வருவதற்குள் அவள் குடிலுக்குப் போனாள். ஸ்டூரே அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பையன் நார்வேக்குப் போயிட்டான். உங்க நிலத்துல ஒரு விருந்தாளி இடம் காலியா இருக்கு" என்றாள். "என் பேர எழுதுங்க."

ஸ்டூரே திரும்பவில்லை. "உங்கப்பனும் நானும் ஒரே பெஞ்சுல படிச்சவங்க."

"தெரியும். நேத்து அந்தப் பட்டியல வாசிச்சதும் நீங்கதான்."

விறகு பற்றிக்கொள்ளும்வரை அவர் ஊதிக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை எடுத்தார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம், அப்பா காட்டுல, எனக்குச் சீட்டு போடாதீங்க" என்றாள். "அந்த மண்ணுல நான் இனிமே நிக்க மாட்டேன்."

"எழுதறேன். உங்கப்பன் மூஞ்சிய நான் பாக்கணுமே."

"நானும்தான் பாக்கணும்."

பட்டியல் வாசிக்கப்பட்டபோது பின்வரிசையில் யாரும் வேடிக்கை பேசவில்லை.

"இதெல்லாம் தேவையாக்கா?" என்றான் யோவார் தாழ்ந்த குரலில்.

"உன் நிலத்துல எது தேவைன்னு நீ பாரு. எனக்கு எது தேவைன்னு சொல்ற வேலை உனக்கு யாரும் எழுதிக் குடுக்கல."

ராங்னார் காபியைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

ஸ்டூரேயின் நிலம் ஆற்றின் கிழக்குக் கரை. அங்கே ஆறு குறுகி, கல்லெறி தூரம்கூட இல்லாத அகலத்தில் ஓடும். ஹில்லெவி ஒரு பாறையில் சாய்ந்து தோட்டா நிரப்பினாள். பழக்கமில்லாத இடம். எந்தப் புதர் எதை மறைக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபட நேரமாகியது. மூடுபனி மெல்ல விலகியபோது எதிர்க்கரையில் ஓர் ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது. ராங்னார். மடக்கு நாற்காலியைச் சரியாக அவளுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்று யாரும் இடம் ஒதுக்கவில்லை. மடியில் எதுவும் இல்லை. அவர் அங்கே இருக்கும்வரை அந்தப் பக்கம் அவளால் சுட முடியாது. நாற்பது வருடங்களுக்கு மேல் வேட்டையாடியவருக்கு அது தெரியாதா என்ன.

"போப்பா" என்றாள் வாய்க்குள். அவருக்குக் கேட்டிருக்காது.

அப்போது அவர் பின்னால் எங்கோ நாய் குரைத்தது. ஒரு முறை, பிறகு விடாமல். மேற்குக் காட்டில் எதுவோ கிளைகளை முறித்துக்கொண்டு ஆற்றை நோக்கி வந்தது. ராங்னார் எழுந்து நின்று வலது கையை உயர்த்தினார். மான் வரும் திசையைக் காட்டுகிறாரா, அவளைக் கூப்பிடுகிறாரா, தெரியவில்லை. ஹில்லெவி குழலை மண்ணை நோக்கித் தாழ்த்தினாள். விரலை விசையிலிருந்து எடுத்தாள். குரைப்பு நெருங்கி வந்தது, நாணல் அசைந்தது, தண்ணீருக்கு மேல் மிச்சமிருந்த பனியை இரண்டாகப் பிளந்துகொண்டு மான் வந்தது. எதிர்க்கரையில் அந்தக் கை இன்னும் இறங்காமல் இருந்தது.