கோலமாவுச் சாலை

செம்மநத்தத்திலிருந்து தும்பைக்காட்டுக்குப் போகும் தார்ச்சாலை இரண்டே முக்கால் கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டடி அகலம். அதில் தும்பைக்காட்டுக்காரர்கள் மட்டும் நடக்க முடியாது. கால் வைத்தால் கால் தாரைத் தாண்டி உள்ளே இறங்கி, முழங்காலளவு பழைய சேற்றில் போய் நிற்கும். மேலே சாலை, ஓரத்து வெள்ளைக் கோடு உட்பட, அப்படியே இருக்கும். தவணைக்குச் சேலை விற்க வரும் வாழவந்திக்காரரின் ஸ்கூட்டருக்கு அதில் ஓர் இடைஞ்சலும் இல்லை. ஊர்க்காரர் யாரையாவது பின்னால் ஏற்றினால்தான் ஸ்கூட்டரும் சேர்ந்து இறங்கும். ஒரு மினி லாரி அப்படி இறங்கி அச்சு முறிந்து கிடந்த பிறகு, எந்த வண்டியும் அந்த ஊர் ஆளை ஏற்றுவதில்லை. தார் மேலே மூடியிருப்பதால் உள்ளே வெயில் படாமல், முன்பெல்லாம் மாசியில் காய்ந்துவிடும் சேறு இப்போது சித்திரையிலும் காய்வதில்லை என்பது கூடுதல் தகவல்.

சாலை வந்தது இப்படி. மிளகு விலை நன்றாக இருந்த ஒரு வருடம் தை மாதத்தில், சமவெளியிலிருந்த ஒரு கல்லூரியும் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து, மலை மக்களின் தேவைகளை மலை மக்களோடு சேர்ந்தே கண்டறிவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பொறுப்பாளர் பேராசிரியர் சந்திரசேகர். தும்பைக்காட்டின் நாற்பத்தொரு வீட்டையும் அதற்கு முன் ஆறு நிறுவனங்கள் தேவை கேட்டுவிட்டுப் போயிருந்தன. ஊரார் ஆறு முறையும் ரோடு என்றே சொல்லியிருந்தார்கள். ஆனால் அவை எல்லாம் மக்களிடம் கேட்ட ஆய்வுகள், இது மக்களோடு செய்யும் ஆய்வு என்று சந்திரசேகர் ஒலிபெருக்கியில் விளக்கினார். ஊரார் கைதட்டி, பிஸ்கட்டும் டீயும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு தேவைகளின் படங்களைத் தரையில் பரப்பி, வீட்டுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, எது முக்கியமோ அதன்மேல் வைக்கச் சொன்னார்கள். நானூற்றுப் பத்துக் கொட்டையும் ரோட்டின்மேல் குவிந்தன. கழிப்பறைப் படத்தின்மேல் ஒன்றுமில்லாதது மனத்தை உறுத்த, பேராசிரியரே நாலைந்தை எடுத்து அங்கே நகர்த்திவைத்தார்.

அடுத்தது வரைபடம். ஊரை ஊராரே வரைய வேண்டும். நாங்கள் கற்றுக்கொள்ள வந்தவர்கள் என்றார் சந்திரசேகர். கோலமாவு டப்பா வெள்ளையம்மாள் கைக்குப் போனது. ஐம்பது வயதுக்காரியான அவள்தான் அந்த ஊரில் பிள்ளைப்பேறு பார்ப்பவள், பொங்கலுக்குக் கோலம் போடுபவளும் அவள்தான். வீடுகளைப் போட்டாள், ஊற்றைப் போட்டாள், காப்பித் தோட்டங்களைப் புள்ளிவைத்துக் காட்டினாள். வழி என்று வந்தபோது, இருப்பது ஒற்றையடித் தடம்தான் என்பதால் கொஞ்சம் நின்று, வந்தவர்களின் ஷூக்களைப் பார்த்தாள். எல்லாம் கணுக்கால்வரை செம்மண். தும்பைக்காட்டில், விருந்தாளி முன்னால் இல்லாமையைக் காட்ட மாட்டார்கள். குழம்பு இல்லாத நாளிலும் இலையின் நாலு மூலையிலும் எதையாவது வைத்து நிரப்பித்தான் பரிமாறுவார்கள். அவள் செம்மநத்தம்வரை இரண்டு நேர்க்கோடு இழுத்து, நடுவில் மாவை நிறையத் தூவினாள்.

“ஏனுங்க அக்கா, அது கொடித்தடமுங்களே,” என்றான் பக்கத்தில் நின்ற காளியப்பன்.

“வந்தவிய முன்னால குண்டுங்குழியுமாவா போடுவாங்க? பேசாம நில்லு சாமி.”

களப் பணியாளரான ஃபெபி என்ற இளம்பெண் ஸ்டூல்மேல் ஏறிப் படம் எடுத்தாள். அன்று மாலையே கோழிகள் சாலையைக் கொத்தித் தின்றுவிட்டன. ஆனால் வரைபடம் கணினிக்குப் போய், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் பொன்னாடை, குத்துவிளக்கு சகிதம் அறிக்கையாக வெளியிடப்பட்டது. மறுநாள் காலை ஊரார் எழுந்து பார்த்தபோது சாலை கிடந்தது. அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில் முதல் தேவை சாலை என்றும், பதின்மூன்றாம் பக்கத்தில் சாலை இருக்கிறது என்றும் இருந்ததை யாரும் முரண்பாடாகப் பார்க்கவில்லை. பல வருடம் அலைந்து அந்த ஆண்டு அரசாங்கப் பட்டியலில் ஏறியிருந்த உண்மையான தும்பைக்காட்டு ரோட்டை அதிலிருந்து அடித்துவிட்டார்கள். போய்க் கேட்ட ஊராரிடம், இருக்கிற ரோட்டுக்கு ரோடு போட விதி இல்லை என்று சொன்ன அதிகாரி, படத்தையும் திருப்பிக் காட்டினார். தன் கோடு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை வெள்ளையம்மாள் அப்போதுதான் பார்த்தாள்.

இதில் மற்றவர்களுக்குப் போனது ஒரு ரோடு. காளியப்பனின் மனைவி காவேரிக்கு அப்படி இல்லை. அவளுக்கு அப்போது மூன்றாவது முறையாக நாள் தள்ளியிருந்தது. முதல் இரண்டு குழந்தைகளும் கொடித்தடத்திலேயே, மூங்கிலில் கட்டிய தூளிக்குள் பிறந்து, செம்மநத்தம் வருவதற்குள் போய்ச் சேர்ந்தவை. இந்தத் தடவை ரோடு வந்துவிடும் என்று நினைத்துத்தான் அவள் மூன்றாவதுக்கே சம்மதித்தாள். கடைசிப் பதினைந்து நாளுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியில் வந்து படுத்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், ஐப்பசிக் கடைசியில் போவதற்குப் பை தைத்து வைத்திருந்தாள்.

ஆவணியில் சந்திரசேகர் திரும்ப வந்தார். சாலை இருந்தும் மக்கள் பயன்படுத்தாததைக் கேள்விப்பட்டு, அதற்கான மனத்தடைகளை ஆராய இரண்டாம் கட்டத்துக்கு நிதி வாங்கியிருந்தார். மக்கள் சேற்றுக்குள் நின்றபடி பதில் சொல்ல, அவர் குழு தார்மேல் நின்று எழுதிக்கொண்டது. அப்போதுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. காளியப்பன் பேராசிரியரின் பின்னாலேயே, “ஏனுங்க சார், நெசமான ரோடு எப்பங்க வரும்? யாரைப் பாக்கோணுங்க? அந்த அறிக்கையைத் திருத்த முடியாதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே போனான். பதினோரு எட்டு வைத்த பிறகுதான் தன் காலுக்குக் கீழே தார் சுடுவது அவனுக்கு உறைத்தது. சந்திரசேகர் திரும்பி, “உங்க பேரு என்ன?” என்றார். “காளியப்பனுங்க,” என்றான். இறங்கிவிட்டான்.

கேட்கிறவர்களைச் சாலை தாங்கும், பதில் சொல்கிறவர்களை விட்டுவிடும் என்பதை ஊர் இரண்டே நாளில் முழுதாகத் தெரிந்துகொண்டது. பேராசிரியருக்கும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் அதை மக்களின் நம்பிக்கைகள் என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டார்.

காவேரிக்கு வலி ஒரு மாதம் முந்திக்கொண்டு, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நடுப்பகலில் வந்தது. போன் செய்ததில் ஆம்புலன்ஸ் செம்மநத்தம்வரை வந்து நிற்பதாகச் சொன்னார்கள். தூளியின் முன்பக்கம் காளியப்பன், பின்பக்கம் பக்கத்து வீட்டுப் பொன்னுவேல், கூடவே குடை பிடித்து வெள்ளையம்மாள். யாரும் பதில் சொல்லக் கூடாது, கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டு சாலையில் ஏறினார்கள். சாலை தாங்கியது. கேள்விக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. ஏழு நிறுவனங்களின் படிவமும் எல்லோருக்கும் மனப்பாடம்.

“ஏனுங்க பொன்னுவேலு, உங்க ஊட்டுல மொத்தம் எத்தனை பேருங்க?”

“குடிக்கிற தண்ணிக்கு எத்தனை தூரம் போறீங்க?”

“டிவி, மிக்சி, ரெண்டு சக்கர வண்டி, இதுல எது இருக்குதுங்க?”

“ஏனுங்க,” என்றாள் தூளிக்குள்ளிருந்து காவேரி, “குடும்பத்துல முடிவு எடுக்கறது ஆருங்க, நீங்களா, உங்க சம்சாரமா?”

காளியப்பன் சிரித்துவிட்டான். சிரிப்பைச் சாலை பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் இரண்டு மணி நேரமாகும் தூரத்தில் பாதியை அவர்கள் இருபது நிமிடத்தில் கடந்தார்கள். இரண்டாவது வளைவில் காவேரியின் கேள்விகள் நின்றுபோயின. உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தவளின் முகத்தை வெள்ளையம்மாள் பார்த்தாள். இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைப்பேறு பார்த்துக் கேட்டுப் பழகிய வாய் அது. படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டது.

“நொம்ப வலிக்குதா கண்ணு?”

அதுவரை அந்த ஊரில் யாரும் அவளிடம் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவ்வளவு உண்மையான பதில் இருந்ததில்லை. “நொம்ப வலிக்குதுங்க அக்கா,” என்றாள் காவேரி.

நாலு பேரும், மழையில் இடுப்பளவு ஏறியிருந்த சேற்றில் இறங்கினார்கள். மூங்கில் சாய்ந்தது. அடுத்த அரை மணி நேரம் யார் என்ன கேட்டும் பலனில்லாமல் போயிற்று, ஏனென்றால் காவேரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை, சேற்றுக்குமேல் வெள்ளையம்மாளின் இரண்டு கையில் பிறந்தது.

“அழுவுதா அக்கா?” என்றான் காளியப்பன். வெள்ளையம்மாள் குழந்தையைத் தலைகீழாகத் தூக்கித் தட்டினாள். “மூச்சு வருதுங்களா?” என்றான் பொன்னுவேல். “என்ற புள்ள எப்படி இருக்குதுங்க?” என்றாள் காவேரி. “இன்னும் எத்தனை தூரம் இருக்குது?” என்று மட்டும் வெள்ளையம்மாள் கேட்டாள். ஒருவருக்கும் பதில் வரவில்லை. தார் அவர்களின் கால்களுக்குக் கீழே கெட்டியாக எழும்பி, நாலு பேரையும் மேலே தூக்கிவிட்டது. மீதித் தூரம் முழுக்க மூன்று பேர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள், ஒருத்தி பதில் சொல்லாமல் நடந்தாள். அந்தச் சாலை அவ்வளவு நன்றாக யாரையும் தாங்கியதில்லை. செம்மநத்தத்தில் சாலை முடிந்து மண்ணில் கால் வைத்ததும், ஆம்புலன்ஸ்காரர் குழந்தையைத் தொட்டுப் பார்த்து, துணியால் அதன் முகத்தை மூடினார். அவர் படிவத்தை எடுத்து, பிறந்து எவ்வளவு நேரமாச்சுங்க என்று கேட்டதற்கு, நல்ல மண்ணில்தான் நிற்கிறோம் என்று தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் கட்ட அறிக்கை, தும்பைக்காட்டிலிருந்து பிரசவத்துக்காகப் புறப்பட்ட ஒரு தாய் புதிய சாலை வழியே எழுபது நிமிடத்தில் வாகனத்தை அடைந்ததாகக் குறிப்பிட்டது. அரை மணி நேரப் பிரசவத்தையும் சேர்த்தால் கணக்கு சரிதான். கூட்டு முயற்சிக்கு வெளிநாட்டில் ஒரு விருது கிடைத்தது.

அதன் பிறகு தும்பைக்காட்டுக்காரர்கள் சாலையிலேயே போய் வருகிறார்கள். பழகிவிட்டது. காப்பி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிணம் எல்லாமே கேட்டுக்கொண்டே போய்ச் சேர்கின்றன. பழக்கம் சாலையோடு நிற்கவில்லை. செம்மநத்தத்து மளிகைக்காரர்களுக்கு அந்த ஊர் ஆளை உடனே தெரிந்துவிடும், நல்லாருக்கீங்களா என்றால், “நீங்க நல்லாருக்கீங்களா?” என்பார்கள், அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது. வெள்ளையம்மாள் மட்டும் சாலையில் ஏறுவதில்லை. ஓரத்துப் புதருக்குள் காட்டை வெட்டிக்கொண்டு, தனியாக, வாய் பேசாமல் போகிறாள். காளியப்பனும் காவேரியும் ஒருவரையொருவர் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்கிறார்கள். யாரும் சொல்வதில்லை என்பதால் இருவருக்கும் சேர்த்தே பரிமாறிவிடுவது என்று ஆகியிருக்கிறது.

இந்த வருடம் மூன்றாம் கட்டம். சாலையால் ஏற்பட்ட வாழ்க்கை மாற்றத்தை அளக்க ஃபெபி வந்தாள். தார்மேல் நின்று, எதிரே வந்த காவேரியை நிறுத்தி, அக்கா, இந்தச் சாலை வந்ததுல உங்களுக்குத் திருப்தியா, ஓரளவு திருப்தியா என்று கேட்டாள். காவேரி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏனுங்க கண்ணு, இந்த ரோட்டை எப்பங்க எடுத்துக்கிட்டுப் போவீங்க?”

ஆறு வருடமாக மலை மலையாக ஏறிக் கேட்டவளிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ஃபெபி கையிலிருந்த பதிவுக் கருவியை அணைத்தாள். “எங்க கையில ஒண்ணுமே இல்லைங்க அக்கா,” என்றாள்.

முழங்கால்வரை இறங்கிவிட்டாள். காவேரி கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள், வரவில்லை. எப்படி நடப்பது, எந்தக் கல்லில் கால் வைக்கலாம், எது வழுக்கும் என்பதையெல்லாம், தானும் சேற்றுக்குள் இறங்கி, முன்னால் நடந்து காட்டினாள். இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை குழு வருகிறது. ஃபெபி செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிட்டு இறங்குகிறாள். சந்திரசேகர் ஷூவோடு மேலே நடந்து வருகிறார். அவரிடம் ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை.