வட்டத்துக்கு அடுத்த வெட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது ஏழாம் வகுப்புக்கே தெரியும். அந்த வாரம் கேட்கவே வேண்டாம், தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தேன்.

முப்பரிமாண உருவங்கள் பாடம். மேசைமேல் சோப்புக்கட்டி, வெள்ளரிக்காய், களிமண் உருண்டை, ஒரு கத்தி. ஒரு பொருளை வெட்டினால் தெரிகிற முகத்துக்குக் குறுக்குவெட்டு என்று பெயர் என்றேன். வெள்ளரிக்காயை நேராக நறுக்கினேன், வட்டம். சாய்த்து நறுக்கினேன், நீள்வட்டம். சோப்பின் மூலையைச் சீவியதும் முக்கோணம் வர, வகுப்பே "ஐ!" என்றது. உருண்டையை வில்லை வில்லையாக வெட்டினேன். ஓரத்தில் பொட்டளவு வட்டம், நடுவில் பெரிசு, மறுபடி சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் ஒன்றுமில்லை. வெட்டின வெள்ளரிக்காயைப் பிள்ளைகளே தின்று தீர்த்தார்கள்.

மறுநாள் சின்னப் பரீட்சை வைத்தேன். கடைசிக் கேள்வி: 'ஒரு பொருளை வெட்டினால் வட்டம் கிடைக்கிறது. அது என்ன உருவம்?' கோளம் என்பது நான் வைத்திருந்த விடை. எல்லாரும் அதையே எழுதியிருந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவளுக்கு நான் வைத்த பெயர் எதிர்க்கேள்வி. 'ஒரு வெட்டு போதாது. அடுத்த வெட்டையும் காட்டினால் சொல்கிறேன்' என்று எழுதியிருந்தாள். எனக்கே உத்தரவு போடுகிறாளே! சிவப்பு மையில் பெரிசாகப் பெருக்கல் குறி போட்டேன்.

வியாழக்கிழமை தாளைக் கொடுத்ததும் நேரே மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், வெள்ளரிக்காயை நறுக்கினப்பவும் வட்டம்தானே வந்துச்சு?"

"வந்தா?"

"அப்ப கோளம்னு எப்படி டீச்சர் சொல்றது?"

"வாய்க்கு வாய் பேசாதே. தாளை வச்சிட்டுப் போய் உட்காரு!"

வைத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரி என்று எனக்கும் தெரியாமலா? ஆனால் அன்றைக்கு என் மண்டைக்குள் வேறொரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். ஒரு மாதமாக இருமல். தெருமுனை டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், நெஞ்சுப் படம் ஒன்றில் பேனாவால் ஒரு இடத்தைச் சுழித்தார். பச்சைப்பயறு அளவில் வெள்ளையாக ஒரு வட்டம். "இதைப் பெரிய டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை போங்க" என்றார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சத்தை நானே சொல்லிக்கொண்டேன். வட்டம் என்றால் உருண்டை. நெஞ்சில் உருண்டை என்றால் கட்டி. நான்கு நாளாகச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அவரோ, "நீ இப்பவே என் படத்துக்கு மாலை போட்டுடுவ போலிருக்கே" என்று சிரித்துக்கொண்டே இருமினார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, எதிர்க்கேள்வி வைத்துவிட்டுப் போன தாள் கிடந்த பையும் கையுமாக அப்படியே வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டர் என்று சொன்னார்களே தவிர, அந்தம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இந்த வட்டம்தானே?"

தலையாட்டினேன். என் கையில் வீட்டுக்காரரின் சட்டை நுனி கசங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு வெட்டை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. அடுத்தடுத்த வெட்டையும் பார்க்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டாக்டர் மவுசை உருட்டினார். உருண்டையாக இருந்தால் வட்டம் சிறுத்துச் சிறுத்து மறையும். நானே வெட்டிக் காட்டினதாயிற்றே! மறைந்துவிடாதே, மறைந்துவிடாதே என்று அந்த வட்டத்தையே கெஞ்சினேன். அடுத்த படம், வட்டம் இருந்தது. அதற்கடுத்தது, அதே அளவில் இருந்தது, கொஞ்சம் தள்ளி. இன்னும் நான்கு படம் போனதும் சாய்ந்து நீள்வட்டமானது. அப்புறம் கோடாக நீண்டு, பக்கத்தில் இருந்த தடித்த கோடு ஒன்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

"குழாய்!" என்று கத்தியே விட்டேன்.

டாக்டர் சிரித்தார். "ஆமாம்மா, ரத்தக்குழாய். எல்லார் நெஞ்சுலயும் இருக்கறதுதான். மத்த படமும் பார்த்துட்டேன், கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல. இருமலுக்கு மட்டும் மருந்து எழுதறேன்."

அப்பாடா! அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன். அவர்தான் பாவம், டாக்டரிடம் சமாதானம் சொன்னார். "முப்பது வருஷமா குழாயோடதான் கிடக்கறேன் டாக்டர். வீட்ல இவளுக்கு ஒரு குழாயைக்கூடக் காட்டினதில்ல, அதான்."

மருந்துக்குக் காத்திருந்தபோது பையிலிருந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தேன்.

"இங்கயுமா பேப்பர் திருத்தற?"

"ஒரு மார்க்கைப் பிடுங்கி வச்சிருக்கேங்க. திருப்பிக் கொடுக்கணும்."

விஷயத்தைச் சொன்னதும், "அந்தப் பொண்ணுக்கு ரெண்டா போடு" என்றார்.

"ஒரு மார்க் கேள்விக்கு ஒண்ணுதான்!" என்றேன். அழுகைக்கு நடுவே அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு முன்னால் தாளை அவளிடம் நீட்டினேன். "நீ எழுதினதுதான் சரி. கேள்விதான் தப்பு. உன்மேல எரிஞ்சு விழுந்ததும் தப்பு."

வாங்கிக்கொண்டு போவாளா? நின்றாள். "அன்னிக்கு ஒத்துக்கல, இன்னிக்கு மட்டும் ஏன் டீச்சர் ஒத்துக்கிட்டீங்க?"

"என் வீட்டுக்காரர் நெஞ்சுல ஒரு வட்டம் தெரிஞ்சுது. ஸ்கேன்ல அடுத்த வெட்டையும் பார்த்தாங்க."

அவள் குரல் இறங்கிவிட்டது. "சார் நல்லா இருக்காரா டீச்சர்?"

"நல்லா இருக்காருடி" என்றேன். வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்கே அது முழுசாக உறைத்தது. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்க்கேள்வி ஓடிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து நீட்டினாள்.