பனியில் சாய்ந்த குண்டு

ஹில்லெவி இலக்குக் காகிதத்தருகே குனிந்து வட்டமான ஓட்டையைத் தேடினாள். காணோம். ஓரமாக ஒரு கீறல்தான் இருந்தது. சட்டைக்குப் பொத்தான் துளை வெட்டுவோமே, அப்படி நீளமாக.

"என்னம்மா, பேப்பருக்கு வெளியே போயிடுச்சா? அப்பன் கண்ணுதானே உனக்கும்!"

பனிப்புல்லை மிதித்துக்கொண்டு பின்னால் வந்தவர் ஓஸ்தென், வேட்டைக் குழுவின் தலைவர். கீறலைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. கையுறையைக் கழற்றிவிட்டு, சுண்டுவிரல் நகத்தால் அதன் நீளத்தைத் தடவினார்.

"இன்னொண்ணு சுடு."

சுட்டாள். அதுவும் அப்படியே.

"குண்டு படுத்துக்கிட்டுப் போகுது" என்றார் ஓஸ்தென்.

துப்பாக்கிக் குழலுக்குள் சுருள் சுருளாக வரி வெட்டியிருக்கும். குண்டைப் பம்பரம் போலச் சுழற்றி அனுப்புவது அந்த வரிதான். சுழற்சி போதாவிட்டால் குண்டும் பம்பரம் போலவே தலை சாய்ந்துவிடும். ஹில்லெவி சுட்டது அவள் அப்பா ஹால்வரின் துப்பாக்கியால். அதில் இருப்பது சோம்பேறி வரி; பதினாலு அங்குலம் ஓடினால்தான் ஒரு சுற்று. குட்டையான ஈயக் குண்டுக்கு அது தாராளம். செம்புக் குண்டு அதே எடைக்கு நீளம் கூடியது. கோடையில் எப்படியோ நேராகப் போய்விடும். உறைந்த காற்றோ கனமானது, அதில் தாங்காது.

சென்ற அக்டோபரில், இதேபோல் உறைந்த ஒரு காலையில், ஹால்வர் சுட்ட எல்க் மான் வயிற்றுக் காயத்தோடு சதுப்புக்குள் ஓடிப்போனது. நாய்களை விட்டுத் தேடி, மறுநாள் சாயங்காலம்தான் கண்டுபிடித்தார்கள். அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. அதோடு, சதுப்போரத்தில் ஹால்வர் காத்து நின்று சுடும் இடத்தை ஓஸ்தென் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஹால்வர் அந்த வேட்டைப் பருவம் முழுக்கத் தீ மூட்டிக் காப்பி காய்ச்சினார். "கிழவா, கோப்பைக்குள்ளயாவது குறி தப்பாம ஊத்து" என்று கேலி பேசியவர்களுக்கும் ஊற்றினார்.

"செம்புத் தோட்டா யாரு வாங்கினது?"

"நான்தான் மாமா. அப்ப வயித்துல பிள்ளை. ஈயம் பட்ட கறி வேண்டாம்னு, அப்பா பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தேன்."

ஓஸ்தென் காகிதத்தைச் சட்டத்திலிருந்து மெல்ல உரித்து அவள் கையில் கொடுத்தார்.

"போ. சீக்கிரம் ஓட்டிக்கிட்டுப் போ. உங்கப்பன் கண்ணை மூடறதுக்குள்ள இதைப் பார்க்கணும்."

வழி முழுக்க அவளுக்கு அந்த ஒரு நினைப்புதான். அப்பா அந்த அவமானத்தோடு போய்விடக் கூடாது. காலையில் அவரே சொல்லித்தான் அவள் சுடப் போனாள். "பனி நல்லா இறுகியிருக்கு. இன்னிக்கே போய்ச் சுட்டுப் பாரு. துப்பாக்கி உனக்கா இல்லையான்னு அப்புறம் சொல்றேன்" என்றிருந்தார்.

வாசலில் தாதி அவள் தோளைத் தொட்டாள். "மூச்சு விட்டு விட்டுத்தான் வருது. பக்கத்துலயே உட்காருங்க."

ஹில்லெவி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காகிதத்தை விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அப்பா, பாருங்க! தப்பு உங்க கண்ணுல இல்லப்பா. கையிலயும் இல்ல. குண்டுதான் சாஞ்சிருக்கு!"

ஹால்வர் பார்த்தார். வியப்பே இல்லாத பார்வை.

"தெரியும், கண்ணு."

"எப்பலேருந்து?"

"மானைத் தோலுரிச்சப்பவே. உள்ள போன ஓட்டை நீளமா இருந்துச்சு."

"அப்புறம் ஏன்பா சொல்லல? ஒரு வருஷமா அவங்க பேசின பேச்செல்லாம்..."

அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார். வந்தது.

"பனியில சுட்டுப் பார்க்காம எடுத்துட்டுப் போனது யாரு? நான். விசையை இழுத்ததும் நான். அந்த மானுக்குக் குழல் கணக்கெல்லாம் தெரியுமா?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லியிருந்தா எனக்காக அழுதிருப்ப. காகிதம் சொன்னா மானை நினைப்ப."

ஹில்லெவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷம் பார்த்த கைதான். இன்றைக்கு அதைப் பிடித்திருக்கும்போது, கோயிலுக்குள் பேச்சை அடக்கிக்கொள்வதுபோல அவள் குரல் தானாகத் தணிந்தது.

"இந்தக் குழலைக் கழட்டிடறேன்பா."

"என்ன போடுவ?"

"ஆறரை மில்லிமீட்டர் குழல். எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. எவ்வளவு நீளக் குண்டா இருந்தாலும் சாயாம நிக்கும். தோளையும் உதைக்காது."

"ஆறரையா?" அவர் உதட்டோரம் அசைந்தது. "அவ்ளோ சின்னக் குண்டைப் பார்த்து மான் சிரிக்கப் போகுது."

"சிரிச்சுக்கிட்டே விழட்டும்."

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. தாதி தலையைத் தாங்கினாள். வெகுநேரம் கழித்து, "எட்டங்குல வரியே போடு" என்றார். "பனியில சுட்டுப் பாரு."

பிறகு ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள். கதவடிக்கும் சத்தமில்லை, காலடி இல்லை. இவ்வளவு பெரிய காரியம் இத்தனை சத்தமில்லாமல் நடக்குமா என்று ஹில்லெவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாதி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். பனிக்காற்று உள்ளே வந்து அவர் நெற்றி முடியை அசைத்தது.

ஓஸ்தென் வந்து வாசற்படியிலேயே தொப்பியைக் கழற்றினார். கட்டிலைப் பார்த்தார், பிறகு அவளை.

"காட்டினியா?"

"காட்டினேன்."

"நல்லவேளை! தெரிஞ்சுக்கிட்டுத்தான் போயிருக்கான்."

"அவருக்கு முன்னாடியே தெரியும் மாமா. மானைத் தோலுரிச்ச அன்னிக்கே."

ஓஸ்தென் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஹால்வரிடம் காப்பி வாங்கிக் குடித்த ஒவ்வொரு காலையும் அவர் மனதில் ஒவ்வொன்றாக வந்து போயிருக்க வேண்டும். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுந்தார். ஹால்வரின் கால்மாட்டில் சற்று நின்றார். வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் கோடரிச் சத்தம் கேட்டது. ஹில்லெவி ஜன்னலுக்குப் போனாள். ஓஸ்தென் ஊசியிலை மரத்தின் இளங்கிளைகளை வெட்டி, வாசலிலிருந்து சாலை வரைக்கும் பாதையில் பரப்பிக்கொண்டிருந்தார். சவ ஊர்வலம் போகிற அன்று விரிக்க வேண்டிய கிளைகள். அந்த ஊர் வழக்கப்படி அடக்கத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அத்தனையும் காய்ந்து உதிர்ந்துவிடும்.

அவள் அதைச் சொல்லவில்லை. அவர் கிளையைக் குனிந்து வைத்தார். நுனி ஒழுங்காக வீட்டைப் பார்க்கிறதா என்று சரிபார்த்தார். அடுத்ததை வெட்டப் போனார்.