வாங்க என்று சொல்லாத கடை

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து டெபோரா வெள்ளை ரிப்பனால் கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் பிராங்கிளின் பரணிலிருந்து பெட்டியை இறக்கப் போகிறான். அந்த நேரம் பார்த்து அவளுடைய சுடிதார்ப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை. அப்பா அம்புரோஸ் தன் கடையிலேயே, பலகை இழைக்கும் நீண்ட மேசைமேல் படுத்திருந்தார். விடியும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தவர், மேசையோரம் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் ஆட்டோவுக்குத் தேவையில்லாமல் போய்விட்டது. மாடிப்படி குறுகல், மேலே கொண்டுபோக முடியாது. அதனால் மேசையில் கிடந்த மரத்தூளைப் பெருக்கி, அம்மாவின் புதுப் போர்வையை விரித்து, அங்கேயே கிடத்தினார்கள். ராயபுரத்தில் பாதிப் பேருக்குச் சவப்பெட்டி செய்த இடம் அது.

"ஏய் டெபி, அந்தப் பக்கம் வந்து புடி. பாய் ஒத்தையா இஸ்துகினு கீறாரு" என்றான் பிராங்கிளின்.

டெம்போக்காரர் அலி அக்பர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியின் கால்மாட்டைத் தாங்கியிருந்தார். அப்பா செய்யும் பெட்டிகளை வீடுகளுக்குக் கொண்டுபோவது அவருடைய டெம்போதான். மூன்று பேருமாக இறக்கிச் சுவரோரம் வைத்தார்கள். பிராங்கிளின் அதன் மூடியைக் கையால் துடைத்தான். அவன் துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவன். இந்தத் தொழில் தனக்கு வேண்டாம் என்று பதினாறு வயதில் சொன்னவன்.

"வார்னிஷ் வாசன கூட போவல. அப்பா கடைசியா செஞ்சது. இதுலதான் அப்பா போவணும்" என்றான். அம்மா ஃப்ளோரா, கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி, ஜெபமாலையை உருட்டிக்கொண்டே தலையாட்டினாள்.

டெபோரா போனை எடுத்துப் பார்த்தாள். 'புதிய ஆர்டர்' என்றிருந்தது.

வகுப்பில் கூடப் படிக்கும் யாரோ சோதனைக்காகப் போட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

காலடிப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இணையக் கடை அமைப்பதன் அடிப்படைகளை அவள் கற்றுக்கொண்டிருந்தாள். ரிஃபானா மேடம் முதல் வகுப்பிலேயே, "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு பொருளை எடுத்துக்கங்க. அதை வச்சு ஒரு கடை கட்டிப் பழகுங்க" என்றார். ஒருத்தி மருதாணிக் கோன் என்றாள், ஒருவன் டீ-ஷர்ட் என்றான். டெபோராவுக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்றுதான். அவள் அதைச் சொன்னதும் மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது.

தயாராகக் கிடைத்த கடை வடிவத்தில், உச்சியில் ஒரு பெண் இரண்டு கைகளிலும் பைகளோடு சிரித்தாள். அவளை எடுத்துவிட்டாள். 'இதை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்' என்ற வரியை எடுத்தாள். 'விருப்பப் பட்டியலில் சேர்' என்பதை எடுத்தாள். 'முந்துங்கள், ஒன்றுதான் மீதம்!' என்று மினுக்கும் சிவப்புப் பட்டையை எடுத்தாள். நட்சத்திர மதிப்பெண்களை எடுத்தாள். மற்றவர்கள் தங்கள் கடைகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்க, அவளுக்குக் கடை கட்டுவது என்பது ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதாக இருந்தது. கடைசியில் அந்தப் பக்கம், பூசை முடிந்து எல்லாரும் போனபின் இருக்கும் கோயில்போல வெறுமையாகவும் நன்றாகவும் ஆகிவிட்டது.

பொத்தான் ஒன்றில்தான் சண்டை வந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னாம்மா இது? 'இப்போதே வாங்க'ன்னு போட்டுகினு கீது?"

"அப்பா, அது வான்னு கூப்புடறது இல்ல. வாங்கறது. காசு குடுத்து வாங்கறது."

"படிக்கிறவனுக்கு ரெண்டும் ஒரே எயுத்துதான? சாவு வூட்டுக்காரனப் பாத்து இப்பவே வாங்கன்னு எய்தி வச்சா, செருப்பக் கயட்டிகினு வரமாட்டான்?"

சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று அழைப்பதில்லை. கிளம்புகிறவரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. அம்புரோஸ் அந்த வழக்கத்தை அப்படியே கடைக்கும் கொண்டுவந்துவிட்டார். இத்தனை வருடங்களில் அந்த வாசலில் நின்ற எவரையும் அவர் வாங்க என்று சொன்னதில்லை. அக்கம்பக்கத்தார் அதைப் பெட்டிக்கடை என்று சொல்லப்போய், பீடி கேட்டு வந்துவிட்ட வெளியூர்க்காரர்களைக்கூடச் சொன்னதில்லை.

"அப்ப 'ஆர்டர் செய்'னு போடட்டா?"

"ஆர்டரா? அவன் இன்னா பிரியாணி கேக்கவா வந்தான்?"

"சரி, உங்கிட்ட வந்து நிக்கிறவங்கள நீ இன்னா சொல்லுவ? அத்தச் சொல்லு."

அவர் யோசித்தார். யோசிக்கும்போது கட்டைவிரலால் உளியின் கூர்மையைத் தடவிப் பார்ப்பது அவர் பழக்கம். "சொல்லுங்கன்னுவேன். வேற இன்னா சொல்றது? அவங்களே சொல்லுவாங்க."

பொத்தானில் 'சொல்லுங்க' என்று எழுதினாள். ரிஃபானா மேடம் பார்த்துவிட்டு, "பட்டன்னா அதுக்கு ஒரு வேலை இருக்கணும் டெபோரா. சொல்லுங்கன்னா யாரு தட்டுவா?" என்றார். அவள் மாற்றவில்லை.

நேற்று மாலைதான் அந்த இணையக் கடையின் பூட்டைத் திறந்தாள். திறப்பு விழாவரை பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்க வேண்டும் என்பது பாடம். ஆனால் அப்பாவின் போனில் அவரே திறந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவர் மேலும் கீழுமாக நெடுநேரம் தள்ளிப் பார்த்தார். "ம்" என்றார். நல்ல 'ம்'மா, சுமாரான 'ம்'மா தெரியவில்லை. காலையில் கேட்டுக்கொள்ளலாம், பாஸ்வேர்டையும் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

இப்போது ஆர்டரைத் திறந்தாள். மரப் பெட்டி, ஐந்தே முக்கால் அடி, உள்ளே வெள்ளைத் துணி. எண்ணிக்கை ஒன்று. சவேரிமுத்து, எண்ணூர். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், இருப்பு: இல்லை.

இருப்பு எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும் என்று மேடம் சொன்னதால், அவள் விளையாட்டுக்கு ஏதோ எண்ணைப் போடாமல், பரணை எட்டிப் பார்த்து ஒன்று என்று போட்டிருந்தாள். அந்த ஒன்றுதான் இப்போது சுவரோரம் இருந்தது.

பின்பக்கம் தண்ணீர் டிரம்மருகே போய் நின்றாள். ஆர்டரை ரத்து செய்வது போன வாரப் பாடம். தட்டினால் காரணம் கேட்கும். 'இருப்பு இல்லை' என்ற காரணம் அங்கே தயாராகவே இருந்தது. கட்டைவிரல் அதன்மேல் நின்றது. ஒரு தட்டு. அப்பா அவருடைய பெட்டியில் போய்விடுவார். எண்ணூரில் யாரோ, எங்கோ, வேறு கடை பார்த்துக்கொள்வார்.

அவள் அந்த எண்ணைக் கூப்பிட்டாள். மணி முழுதாக ஒலிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். பஸ் இரைச்சல். அவள் வாயில் தானாக வந்தது:

"சொல்லுங்க."

"அம்புரோசு பொண்ணா? நான் சவேரி, கண்ணு. சர்ச்சு தேர் கமிட்டில உங்கப்பன்கூட இருந்தேன். எம்பொஞ்சாதி ராத்திரி பூட்டா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலம் உங்கப்பன் தேர் கமிட்டி குரூப்புல கடையப் போட்டிருந்தாரு. 'எம்பொண்ணு கட்டுன கடை'ன்னு. அப்பப் பாத்துட்டு சிரிச்சோம், நானும் அவளும். காத்தால எனக்கு யாராண்டயும் பேச வாய் வரல கண்ணு. யாருக்குப் போன் பண்ணாலும் முதல்லேர்ந்து சொல்லணும். அதுல சொல்லுங்கன்னு இருந்திச்சி. தட்டிட்டேன்."

"எங்க வந்துகினு கீறீங்க?"

"திருவொத்தியூர் தாண்டிட்டேன். அப்பா கடையில கீறாரா?"

தண்ணீர் டிரம்மின் விளிம்பை டெபோரா இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கடையிலதான் கீறாரு" என்றாள்.

உள்ளே வந்து அண்ணனிடம் சொன்னபோது அவன் முதலில் புரிந்துகொள்ளவே இல்லை. புரிந்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து அம்மா ஜெபமாலையை நிறுத்தினாள்.

"வித்துட்டியா? அப்பன் பெட்டிய அப்பன் செத்த அன்னிக்கே வித்துட்டியா? சோக்கா படிச்ச போ!"

"நா விக்கல. அப்பாதான் குரூப்புல போட்டுகீறாரு."

"அதுக்கு? போன் பண்ணி இல்லன்னு சொல்லு. சாவு வூடுன்னா எவனுக்கும் புரியும்."

"அவர் வூடும் சாவு வூடுதாண்ணா."

"எனக்கு அவன் வூடு இன்னாத்துக்கு? இங்க படுத்துகினு கீறது எங்கப்பன்!" அவன் பெட்டியின்மேல் கையை ஊன்றி நின்றான். "ஊருக்கெல்லாம் செஞ்சவரு. அவருக்கு அடுத்தவன் செஞ்ச பெட்டியா? நீயே சொல்லு, உனக்கு ஆசையா?"

ஆசையில்லை. அந்தப் பெட்டியைப் படமெடுக்கும்போது அப்பாதான் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்துணியின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். அந்த மடிப்புகளுக்குள் அவர் படுத்திருப்பதைக் காலையிலிருந்து அவள் கற்பனை செய்து, அதில் கொஞ்சம் ஆறுதலும் அடைந்திருந்தாள்.

"ஆசையில்லதான்" என்றாள். "ஆனா அப்பா கடைசியா வித்தது இது. 'எம்பொண்ணு கட்டுன கடை'ன்னு சொல்லி வித்தது. இல்லன்னு நா எப்பிடிண்ணா சொல்றது?"

அலி அக்பர் தொண்டையைச் செருமினார். "உங்கப்பன் என்னயக்கூட ஒரு நாளும் வாங்கன்னு சொன்னதில்ல மாமு. நானா பூந்து குந்திக்குவேன். ஆனா ஒரு நாளும் போன்னும் சொன்னதில்ல."

"நீ சும்மா இரு பாய்" என்றான் பிராங்கிளின்.

வாசலில் ஒருவர் வந்து நின்றார். வேட்டி, கசங்கிய சட்டை, செருப்பில் எண்ணூர்ச் சாலையின் கறுப்புத் தூசி. மேசையைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். ரிப்பன் கட்டிய கால்களைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார். யாரும் அவரை வாங்க என்று சொல்லவில்லை. அவரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அம்புரோசின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தார். பிறகு காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கம்பக்கத்திலிருந்து வந்திருந்த மற்ற துக்கக்காரர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

யாரோ அவருக்கும் ஒரு டம்ளர் டீ கொடுத்தார்கள். அவர் அதைக் குடிக்காமல் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

டெபோரா அருகில் போனாள்.

"தெரியாது கண்ணு" என்றார் மெதுவாக. "கடையில கீறாருன்னியே." சுவரோரம் இருந்த பெட்டியைப் பார்த்து, "அது உனுக்கு வேணும்ல? உட்டுடு. நா வேற எங்கனாச்சும் பாத்துக்கறேன்" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. எழுந்து எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தெரியாததுபோல இருந்தது.

பின்னால் அம்மா எழுந்தாள். சுவரோரம் போய்க் குனிந்து, பெட்டியின் மூடியில் பிராங்கிளின் கை ஊன்றிய தடத்தை முந்தானையால் துடைத்தாள். பக்கங்களைத் துடைத்தாள். பித்தளைக் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைத்து முடித்து, திரும்பித் தன் இடத்தில் உட்கார்ந்து, விட்ட மணியிலிருந்து ஜெபமாலையைத் தொடங்கினாள்.

"பாய், டெம்போவத் திருப்பு" என்றாள் டெபோரா.

பிராங்கிளின் தூக்க வரவில்லை. பைக் சாவியை எடுத்தான். "நா கொருக்குப்பேட்டைக்குப் போறேன். அங்க பெட்டி செய்றவன் ஒருத்தன் கீறான்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான். பெட்டியை அலி அக்பரும் சவேரிமுத்துவும் டெபோராவும் ஏற்றினார்கள். டெம்போ நகரும்போது சவேரிமுத்து பின்னால் பெட்டியருகில் உட்கார்ந்து, ஒரு கையை அதன்மேல் வைத்திருந்தார்.

மேசையோரம் நின்றபடி டெபோரா போனில் 'அனுப்பப்பட்டது' என்பதைத் தட்டினாள். பிறகு பாஸ்வேர்டு போட்டுக் கடையைப் பூட்டினாள்.

நாலு மணிக்கு அடக்கப் பூசை. கொருக்குப்பேட்டைப் பெட்டி வந்தபோது வெயில் உச்சி தாண்டியிருந்தது. ஆட்கள் அதை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். மோசமான பெட்டியில்லை. அவசரத்தில் செய்தது, அவ்வளவுதான். டெபோரா மூடியைத் திறந்து பார்த்தாள். உள்துணி ஒரு ஓரத்தில் ஆணி விட்டுச் சுருண்டிருந்தது. அப்பாவின் சின்னச் சுத்தியலையும் கொஞ்சம் குட்டை ஆணிகளையும் எடுத்து வந்து குனிந்தாள்.

சுருண்ட துணிக்குப் பின்னால் பலகையில் கறுப்பு மையில் ஏதோ அச்சிட்டிருந்தது. துணியை விலக்கினாள். ஒரு குடை. அதன் பக்கத்தில் ஒரு அம்புக்குறி. கப்பலில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து எதையோ சுமந்து வந்த பலகை. இழைப்புளி இந்த இடத்தை மட்டும் தொடாமல் போயிருந்தது.

பிராங்கிளின் பக்கத்தில் வந்து நிற்பதை அவள் நிழலில் அறிந்தாள். அவன் கண்கள் சிவந்திருந்தன. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இது இன்னாண்ணா, குடை?"

"நனையக் கூடாதுன்னு அர்த்தம்" என்றான். "யார்டுல எல்லா பேக்கிங்கிலயும் இருக்கும்."

"அம்பு?"

"இந்தப் பக்கம் மேல இருக்கணும்னு." அம்பின் முனையை விரலால் தொட்டான். "அப்ப இதான் தலமாடு."

அவள் துணியை இழுத்தாள். அவன் மண்டியிட்டு உட்கார்ந்து, சுருக்கம் விழாமல் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். குடை வரை கொண்டுவந்து, அதை மூடாமல் அவள் நிறுத்தினாள். இன்னும் கொஞ்சம் இழுத்தால் மூடிவிடலாம். துணி போதும்.

"இங்கியே அடிக்கட்டா?" என்றாள்.

அவன் விரலை எடுக்கவில்லை. அவள் அங்கேயே முதல் ஆணியை வைத்தாள்.